புள்ளியில் விழாத பாவங்கள்

விழித்திருக்கச் சொன்னார் இயேசு. அதற்கு நேர அட்டவணை எதுவும் போட்டுத் தரவில்லை. அந்த வேலையைச் செய்தவர் லொயோலா இஞ்ஞாசியார். திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு 1548இல் அச்சேறிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், தன் நாளைத் திரும்பிப் பார்த்துத் தன்னையே சோதிக்கும் ஆன்ம சோதனைக்கு அவர் சொல்லும் வழிகளுள் ஒன்று கணக்குப்பிள்ளையின் பேரேடு போலவே இருக்கும். திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைத் தவிர்க்க உறுதி எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின் மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, சறுக்கிய ஒவ்வொரு முறைக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி. இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில். அப்புறம் கோட்டோடு கோட்டையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இம்முறையின் பலம் இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது. "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில் யாருக்கும் வலிப்பதில்லை. இன்று காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே மனைவியிடம் இரண்டு முறை எரிந்து விழுந்தேன் என்று எழுதும்போது வலிக்கும். கோபம் பழக்கமாகி, பழக்கம் சுபாவமாக இறுகுவதற்குள் அதைப் பிடித்துவிட முடிகிறது. கோவிலும் குருவும் கைக்கெட்டாத இடத்திலும் செய்யலாம் என்பது இன்னொரு வசதி. தாம் நிறுவிய இயேசு சபையின் மாணவர்களுக்குப் படிப்புச் சுமையால் மற்ற செபங்களைக் குறைத்த இஞ்ஞாசியார், நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதன் ஆபத்தையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 1522இல் ஸ்பெயினின் மன்றேசாவில், ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்பத் தோண்டி, ஏதோ விட்டுப்போயிற்று என்று துடித்து, தற்கொலை எண்ணம்வரை போனவர் அவர். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே மீண்டார். புள்ளி முறையோடு அவர் தரும் இன்னொரு வழியான பொதுவான ஆன்ம சோதனையின் ஐந்து படிகளில் நன்றி கூறுவதை அவர் முதலில் வைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நடைமுறையில் முதலில் கைவிடப்படுவதும் அந்தப் படிதான். நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே குற்றப்பட்டியலுக்குப் போகிறவருக்கு, கடவுள் இரவுதோறும் கணக்குக் கேட்கும் மேலதிகாரி ஆகிவிடுகிறார்.

1972இல் ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் என்ற இயேசு சபைக் குரு எழுதிய கட்டுரை இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. எத்தனை முறை விழுந்தேன் என்பதோடு நில்லாமல், இன்று இறைவன் என்னை எங்கே இழுத்தார், நான் எங்கே விலகினேன் என்று பார்க்கச் சொன்னார். நல்ல திருத்தம். ஆனால் அவர் வழியைச் சொல்லி இன்று தியானங்களில் நடப்பது சில வேளை வெறும் மனநிலைக் குறிப்பாக நின்றுவிடுகிறது. "இன்று சற்றுச் சோர்வு, மாலையில் நிம்மதி." இதற்குப் பழைய புள்ளியே மேல், அதில் ஏமாற்ற இடம் குறைவு.

இரண்டு வடிவத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. என் பெரிய வழக்கு அதோடுதான். நான் செய்தது மட்டுமே கணக்கில் வருகிறது. செய்யாமல் விட்டதும், பிறந்தபோதே என் கையில் வந்து சேர்ந்த சலுகையும் புள்ளியாக விழுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பில் இடப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் பொய் சொல்லவில்லை; எப்போது உம்மைப் பசித்தவராகக் கண்டோம் என்று உண்மையிலேயே திகைக்கிறார்கள். அவர்களுடைய ஏடு சுத்தமாக இருந்திருக்கும். அதற்கு முந்தைய அதிகாரத்திலும், விழிப்பான ஊழியனுக்கு அடையாளம் உடன் ஊழியர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவதுதான்.

இப்படிப் புள்ளியில் விழாத பாவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் வெள்ளாளர்களும் நாடார்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, 19ஆம் நூற்றாண்டில், கால்சட்டை போலக் கிளை பிரிந்த ஒரு கோவில் எழுந்தது. அந்தப் பங்கின் பொறுப்பில் இருந்தவர்கள் நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யும் இயேசு சபைக் குருக்களே. அவர்களில் பலர் உத்தமர்களாகவும் இருந்திருப்பார்கள். கோவிலின் பிரிவினைச் சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. ஆனால் தமிழகத்தில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. அங்கே இரவுச் செபத்தில் கண்மூடி நாளைத் திரும்பிப் பார்ப்பவருக்கு கல்லறைகளைப் பிரிக்கும் வேலி நினைவுக்கு வராது. இன்று அவர் அதைக் கட்டவில்லையே! அதை அவருக்குக் காட்ட வேண்டியவர் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிறார். ஆன்ம சோதனையின் ஐந்து படிகளில் எதுவும் அவரிடம் போய்க் கேட்கச் சொல்லவில்லை.