படகின் ஆயுளும் குத்தகையின் ஆயுளும்

பழைய அலுமினியப் படகைச் சீரமைக்கும் கைத்திறன் தமிழ்நாட்டின் உள்நாட்டு ஊர்கள் எவற்றிலெல்லாம் இருக்கிறது என்று பட்டியலிட்டால், திண்டுக்கல்லை அதில் சேர்க்காமல் விட முடியாது. பூட்டுக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பெயர்பெற்ற ஊர் அது. தகட்டை வெட்டுவதும் வளைப்பதும், துளையிட்டு ரிவெட் அடிப்பதும் அங்கே தலைமுறைகளாக நடந்துவரும் தொழில். பக்கத்து மாவட்டமான கரூரில் பேருந்துக்கு உடல் கட்டும் பட்டறைகள் உள்ளன; அலுமினியத் தகடும் கண்ணாடியிழையும் அந்தப் பட்டறைகளுக்கு அன்றாடச் சரக்கு. பழைய அலுமினியப் படகுக்கு வரும் நோய்களும் இந்தக் கைகளுக்குப் புதியவை அல்ல. ரிவெட்டுகள் தளர்ந்து நீர் கசியும். அலையிலும் அதிர்விலும் தகடு சோர்ந்து கீறல் விடும். இயந்திரம் மாட்டும் பின்பலகைக்குள் வைத்த ஒட்டுப்பலகை உளுத்துப்போகும். தளத்துக்கு அடியில் அடைத்த நுரை நீரை உறிஞ்சி, படகின் எடையைக் கூட்டும். கசிவைக் கண்டுபிடிக்கப் படகைக் கரையில் தாங்குகளின் மேல் ஏற்றி, உள்ளே நீர் நிரப்பி, வெளிப்புறம் எங்கே சொட்டுகிறது என்று பார்த்துக் குறியிட்டால் போதும். தளர்ந்த ரிவெட்டை எடுத்துவிட்டுச் சற்றுப் பெரியதை அடிக்கலாம். கீறலின் நுனியில் ஒரு சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. அதன்மேல் ஒட்டுத்தகடு வைத்து, இடையில் பசை தடவி, சுற்றிலும் ரிவெட் அடிக்கலாம். பற்றவைப்புதான் கடினம். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். ஆர்கான் வாயுவும் பழகிய கையும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. இந்த ஒன்று போக, மற்ற எல்லா வேலையும் ஒரு நல்ல தகட்டுப் பட்டறைக்கு அடங்கியதே.

திண்டுக்கல் சமவெளியின் நீர்நிலைகளுக்கு அலுமினியம் பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாய்களும் குளங்களும் மார்கழியில் நிறைந்து, சித்திரை வைகாசியில் வற்றிவிடுகின்றன. ஆண்டின் பாதி நாள் படகு தரையில் வெயிலில் கிடக்க வேண்டும். மரமாக இருந்தால் காய்ந்து இணைப்புகள் விலகும். பிளாஸ்டிக் உறை வெயிலில் மொரமொரவென்றாகி உடையும். கண்ணாடியிழையின் மேற்பூச்சு வெளுத்து மாவாக உதிரும். நல்ல உலோகக் கலவையில் செய்த அலுமினியப் படகுக்கு இந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெருமை சேர்த்த பித்தளை, அலுமினியத்துக்குப் பகை. ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். செம்பு உப்பில் ஊறவைத்த ஒட்டுப்பலகையைப் பின்பலகைக்குள் வைத்தாலும், செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சைப் பூசினாலும் அதே கதி. நன்னீரில் இந்த அரிப்பு மெதுவாகவே நடக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் திண்டுக்கல்லைச் சுற்றி எல்லா நீரும் அவ்வளவு நன்னீர் அல்ல. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடியிலும் குளங்களிலும் உப்பை ஏற்றியிருக்கிறது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்த தோல் ஆலைகளில் இந்த மாவட்டத்து ஆலைகளும் அடக்கம். படகின் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பவர் நீரின் வரலாற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

திறன் இருக்கிறது, உலோகம் கிடைக்கிறது, தேவையும் இருக்கிறது. இருந்தும் சமவெளிக் கண்மாய்களில் அலுமினியப் படகைக் காண்பது அரிது. அங்கே மிதப்பவை மூங்கில் பரிசல், காற்றடைத்த லாரி டியூப், சாக்கில் கட்டிய தெர்மாகோல் பாளம். நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நீர் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவோடும் வலையோடும் சேற்றில் இறங்கும் அந்த நாளில் மிதவையே வேண்டியதில்லை. ஏன் நிலைத்த படகு இல்லை என்ற கேள்விக்கு விடையைப் பட்டறையில் தேடிப் பயனில்லை. ஏல அறிவிப்பில் தேட வேண்டும். கண்மாயின் மீன்பாசி உரிமை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் ஏலம் விடப்படுகிறது. பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஐப்பசி மழையில் நீர் வந்து, குஞ்சு விட்டு, மாசி பங்குனியில் பிடித்து முடிக்கும்போது குத்தகையும் முடியப்போகிறது. அடுத்த ஆண்டு அதே கண்மாய் அவருக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மேலும், குத்தகை எடுப்பவர் ஒருவர். வலை இழுப்பவர் கூலிக்கோ பங்குக்கோ வரும் வேறொருவர். முதல் போடுபவருக்கு அடுத்த ஆண்டு இல்லை. உழைப்பவருக்குப் படகே சொந்தமில்லை. இந்த நிலையில் ஒரு பழைய அலுமினியப் படகு கையில் கிடைத்தால், அதைச் சீரமைப்பதைவிடப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதே கணக்குக்குச் சரியாக வரும். அலுமினியத்துக்குக் கிடைக்கும் நல்ல எடைவிலை இங்கே அந்தப் படகுக்கே எதிரியாகிறது. என் வாதம் இதுதான்: ஒரு படகு பழுதுபார்க்கப்படுமா, மாற்றியமைக்கப்படுமா என்பதை அதன் பொருளைவிட, அதைச் செலுத்துபவர் அதே நீருக்கு அடுத்த ஆண்டும் திரும்பி வர முடியுமா என்பதே முடிவுசெய்கிறது.

இலங்கையின் உலர்வலயக் குளங்களை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பராக்கிரம சமுத்திரம், கட்டுக்கரைக்குளம், இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரிய பாசனக் குளங்களில் 1952இல் திலாப்பியா அறிமுகமான பின் நன்னீர் மீன்பிடி ஒரு முழுநேரத் தொழிலாக வளர்ந்தது. அந்தக் குளங்களில் பெரும்பாலும் ஓடுவது இயந்திரம் பூட்டாத கண்ணாடியிழை வள்ளம், ஒரு பக்கம் மிதவை கட்டியது, இருவர் செல்வது. கடற்கரையில் நூற்றாண்டுகளாக இருந்த சிங்கள ‘ஒருவ’வின் வடிவத்தை அப்படியே எடுத்து, குடைந்த மரத்தின் இடத்தில் கண்ணாடியிழையை வைத்திருக்கிறார்கள். வள்ளத்தின் உடலையும் பக்கமிதவையையும் இணைக்கும் இரு கொம்புகளும் கயிற்றால் கட்டப்படுகின்றன. ஆகவே பகுதி பகுதியாகக் கழற்றி மாற்ற முடியும். மிதவை போனால் மிதவையை மட்டும் மாற்றலாம். உடலில் கீறல் விழுந்தால் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, இழைப்பாயை அடுக்கி, ரெசின் ஊற்றி மூடிவிடலாம். வடக்கில் இந்த அறிவு பரவியதற்குக் காரைநகருக்குத் தனிப் பங்கு உண்டு. நார்வே உதவியோடு 1960களின் இறுதியில் அங்கே தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகு கட்டுவதை ஊர் இளைஞர்களுக்குத் தொழிலாக்கியது. ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தொழில்நுட்பத்தை அல்ல. அந்தப் பெரிய குளங்களில் ஆண்டுதோறும் மீனை ஏலம் விடுவதில்லை. வள்ளத்தைப் பதிவுசெய்து, உரிமம் பெற்று, அந்தக் குளத்தின் மீனவர் சங்கத்தில் இருப்பவர் ஆண்டாண்டாக அதே நீரில் வலை போடுகிறார். வலைக்கண் 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும் அவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. இன்று சிறு மீனை விட்டால் நாளை அது பெரிதாகித் தன் வலைக்கே வரும் என்று நம்பக்கூடியவருக்குத்தான் வள்ளத்துக்கு ஒரு வாளி ரெசின் வாங்குவதிலும் பொருள் இருக்கிறது.

இலங்கை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்ல வரவில்லை. 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவைச் சமயக் காரணம் காட்டி விலக்கிக்கொண்டது. 1994இல்தான் அது திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மானியமும் மீன்குஞ்சும் மட்டுமல்ல, விதிகளைக் கண்காணித்த அலுவலர்களும் குளக்கரையிலிருந்து மறைந்தார்கள். சிறுகண் வலைகள் பெருகின. மீன் வரத்து பெரிதும் சரிந்தது. வள்ளங்கள் அதே வள்ளங்கள்தாம், கண்ணாடியிழை அதே கண்ணாடியிழைதான். மாறியது நீரின் மீதிருந்த ஒழுங்கு மட்டுமே. பிறகு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நெக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை உருவானபோது, மீனவர் சங்கங்களை மீண்டும் கட்டுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு நீரைப் பற்றியது. இலங்கையின் பெரிய குளங்களில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கிறது, திண்டுக்கல் சமவெளியில் மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது, இதில் உரிமைக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இந்த மறுப்பில் பாதி உண்மை. இலங்கையிலும் வற்றும் சிறு கிராமக் குளங்களில் வள்ளம் கிடையாது. விவசாயிகளின் அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை குஞ்சு விட்டு, நீர் இறங்கியதும் கரைவலை இழுத்துப் பிடிக்கிறது. அங்கே படகு இல்லாதது நியாயமே. நத்தத்துச் சிறு கண்மாய்க்கும் படகு வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் இந்த மாவட்டத்தில் சிறு கண்மாய்கள் மட்டும் இல்லை. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், பழனியைச் சுற்றிய பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, அய்யம்பாளையம் மருதாநதி எல்லாம் மலையடிவாரத்தில் நிற்கும் ஆழமான நீர். அவற்றில் நல்ல படகுக்கு ஆண்டில் பல மாத வேலை உண்டு. தவிர, நீர் வற்றுவது நிலைத்த படகுக்கு எதிரான காரணம் என்பதே எனக்கு உடன்பாடில்லை. ஒரு நீர்நிலை வற்றும்போது இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்லத்தக்க எடை குறைந்த படகு, வறண்ட ஊருக்குத்தான் அதிகம் தேவை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாவது மறுப்பு பரிசலின் பக்கம் நின்று எழுகிறது. அது எனக்கு மதிப்புக்குரியது. தலையில் கவிழ்த்து ஒருவரே தூக்கிச் செல்லலாம். அரையடி நீரில் மிதக்கும். மூழ்கிய மரக்கட்டை தட்டினால் நழுவும். எந்தப் பக்கமிருந்தும் வலை இழுக்கலாம். சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், நீர்வழிப் போக்குவரத்து பற்றி 1946இல் வெளிவந்த தம் நூலில் பரிசலை அக்கறையோடு பதிவுசெய்திருக்கிறார். மூங்கில் சட்டத்தின் மேல் பதனிட்ட தோலைப் போர்த்திய காலத்தில், தோல் கெட்டால் தோலை மட்டும் உரித்துப் புதுத்தோல் போர்த்தினார்கள்; சட்டம் தொடர்ந்து உழைத்தது. தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லுக்கு அந்த வழக்கம் எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கும்! இன்று தோலின் இடத்தில் உரச்சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. அப்படியிருந்தும் பரிசல் சீரமைக்கத்தக்க கலமே. ஆகவே பரிசலுக்கும் அலுமினியப் படகுக்கும் இடையில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை இவை இரண்டுக்கும் தெர்மாகோல் பாளத்துக்கும் இடையில்தான். ஒரு பருவத்துக்கு மட்டும் கட்டி, உடைந்ததும் கரையில் எறிந்துவிடும் அந்த மிதவை, குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கத்தில் வெள்ளை மணிகளாக உதிர்ந்து பரவுகிறது. ஓராண்டுக் குத்தகை தன் கணக்குக்கு ஏற்ற கலத்தைத் தேடியபோது கிடைத்தது அது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓராண்டுக் குத்தகைக்கு மாற்றான எடுத்துக்காட்டு உண்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் மீனவர்கள் உரிமம் பெற்றுத் தத்தம் பரிசலில் தாமே மீன் பிடிக்கிறார்கள். மீன் யாருடையதோ பரிசலும் அவருடையது. கண்ணாடியிழைப் பரிசல் வந்தபோது, அதை வாங்கிப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளக் காரணம் உள்ள மீனவர் அங்கே இருந்தார். மீன்வளத் துறை உள்நாட்டு மீனவர்களுக்கு வலையையும் கண்ணாடியிழைப் பரிசலையும் மானியத்தில் தருகிறது. அதே பரிசல் ஆண்டுக் குத்தகைக் கண்மாயில் கூலிக்கு இழுப்பவர் கைக்கு வந்தால், குத்தகைதாரர் மாறிய ஆண்டில் அதை எந்த நீரில் இறக்குவார்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இரு நாட்டுக் கரைகளிலும் தேவைக்கு மேல் வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளில் பல விரைவிலேயே கைவிடப்பட்டன. இலவசமாக வந்ததால் என்று சிலர் மீனவரைக் குறை சொன்னார்கள். அந்தப் பழி நியாயமற்றது. அவசரத்தில் கட்டிய தரக்குறைவும், அத்தனை படகுக்கும் மீன் இல்லாத கடலும்தான் காரணம்.

நீண்ட குத்தகை கொடுத்தால் வசதி படைத்த சிலர் சங்கத்தின் பெயரில் நீரைப் பிடித்துக்கொள்வார்கள், ஏலம் ஒன்றே ஊராட்சிக்கு வருமானமும் வெளிப்படைத்தன்மையும் தருகிறது என்பது கடைசி மறுப்பு. அச்சம் பொய்யல்ல, பெயருக்குச் சங்கம் நடத்தும் கதை இரு நாடுகளிலும் உண்டு. அதனால்தான் உரிமத்தைச் சங்கத்துக்கு மட்டும் கொடுக்காமல், மேட்டூரைப்போல் பிடிப்பவரின் பெயருக்கும், இலங்கையைப்போல் அவருடைய கலத்தின் பதிவெண்ணுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஊராட்சியின் வருமானத்தை ஒரே ஏலத்தொகையாக வாங்காமல் கலத்துக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். மழை பொய்த்த ஆண்டில் அந்தத் தொகையைத் தள்ளிவைக்கும் விதியும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் வறட்சியிலேயே படகு எடைக்குப் போய்விடும். பழனிப் பக்கத்து அணைகளில் ஒன்றிலாவது ஐந்தாண்டுக்கு இப்படிச் செய்து பார்க்கலாம். அங்கே இறங்கும் படகுக்கு என்னென்ன மாற்றம் தேவைப்படும் என்பதும் ஓரளவு தெரிகிறது. வலை சிக்காமல் இருக்க உள்விளிம்பின் ரிவெட் தலைகளைத் தட்டையாக்க வேண்டும். துடுப்பு மட்டுமே போதும் என்றால் உளுக்கும் பின்பலகையை எடுத்துவிட்டுத் தகட்டை மடித்து மூட வேண்டும். நீர் உறிஞ்சாத நுரையை இரு முனையிலும் அடைக்க வேண்டும். பித்தளை ஒரு துண்டும் உள்ளே வரக் கூடாது.