சுண்ணக்கட்டிக் குறியும் சரித்திரமும்

அமெரிக்காவில் 1964 முதல் சுமார் எட்டு ஆண்டுக் காலம் டெட்ராயிட் கம்பெனிகள் இளைஞர்களை மனத்திற்கொண்டு செய்து விற்ற, வலுமிக்க எஞ்சின் கொண்ட மஸில் கார்களை, அரை நூற்றாண்டு கழிந்தபின் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் புதுப்பிக்கும் வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களுள் மிகவும் கம்பீரமாக ஒலிப்பது, அது சரித்திரத்தைக் காப்பாற்றும் கைங்கரியம் என்பதே. பொழுதுபோக்கு என்று சொல்லி நிறுத்தியிருந்தால் எனக்கு ஆக்ஷேபம் எதுவும் இராது. ஒருவர் தம் பணத்தையும் தம் ஞாயிற்றுக்கிழமைகளையும் எதில் செலவழித்தாலும் கேட்க நாம் யார்? ஆனால் இல்லினாய் மாநிலத்து ரோஸ்மாண்டில் நவம்பர்தோறும் நடக்கும் கண்காட்சியைப் போன்ற இடங்களில், நடுவர்கள் கையில் விளக்கும் காகிதமுமாக வண்டிகளின் அடிவயிற்றைத் துருவிப் பார்த்து மதிப்பெண் இட்டுப் பரிசளிக்கும் அளவுக்கு அந்த வாதம் செழித்துவிட்ட பிறகு, அதைச் சற்று உரசிப் பார்ப்பது விமர்சகனின் கடமையாகிறது.

இவ்வேலையின் குணங்களை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பழைய இரும்புக் கடையில் நசுங்கிப் போயிருக்க வேண்டிய எத்தனையோ வண்டிகள் இவர்களால் பிழைத்திருக்கின்றன. முழுப் பாடியையும் சட்டத்தில் மாட்டிக் கிடையாகத் திருப்பி வைத்துக்கொண்டு, துருத் தின்ற தகட்டை அறுத்தெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாளால் இழைத்து, பெயிண்ட் அடித்து முடிக்கும் கணக்கரோ பள்ளி ஆசிரியரோ, தம் தொழிலில் ஆயுள் முழுவதும் கிடைத்திராத ஒரு கைத்திறனை நடுவயதில் சம்பாதித்துக்கொள்கிறார். போட்ட பணம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்று தெரிந்தே இறங்குகிறவர்களிடம் லாப நோக்கம் என்ற குற்றத்தையும் சுமத்த முடியாது. இவ்வளவும் வாஸ்தவம்.

என் கருத்து வேற்றுமை இவ்வேலையின் லட்சியத்தைப் பற்றியது. ஒரு வண்டியின் பரிபூரண நிலை எது என்று இவர்களைக் கேட்டால், அது தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளியே வந்த தினத்தில் இருந்த நிலை என்பார்கள். அந்த ஒரு தினத்தை மீட்பதற்காக இவர்கள் எடுத்துக்கொள்ளும் பிரயாசை சாமானியமானதன்று. அக்காலத்துப் பரிசோதகர்கள் ஒரு பாகத்தைப் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக, எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் இடையே நிற்கும் தகட்டில் சுண்ணக்கட்டியாலோ மஞ்சள் மெழுகுப் பென்சிலாலோ ஒரு கோட்டைக் கிறுக்குவார்கள்; பின் அச்சுப் பெட்டியின் மூக்கில் ஒரு சொட்டுப் பெயிண்டைத் தடவுவார்கள்; சில இடங்களில் ரப்பர் முத்திரை குத்துவார்கள். வண்டி பத்து மழையில் நனைந்தால் பாதி அழிந்துவிடும் இக்குறிகளை, வீட்டுக் கொட்டகைக்காரர் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முத்திரைகளை விலைக்கு வாங்கி, பரிசோதகரின் அவசரத்தை நிதானமாகப் பயின்று, அதே கோணலோடு வரைகிறார். வரைந்தால் மதிப்பெண் உண்டு. கோடு நேராகப் போய்விட்டால் அதுவே குறை.

பெயிண்டிலும் இதே கதைதான். 1970 மாடல் டாட்ஜ் சாலஞ்சரின் அடித்தட்டில் மேனி நிறம் எந்தக் கோணத்திலிருந்து சிதறி, எவ்வளவு தூரம் பரவி, எங்கே தேய்ந்து மறைந்திருந்தது என்பதைப் பற்றி இவர்கள் நடத்தும் ஆராய்ச்சியை, கோயிற் சுவர் ஓவியங்களை ஆராய்கிறவர்கள்கூடப் பொறாமையோடு பார்க்கலாம். ஆனால் அந்தப் பெயிண்ட் ஏன் சிதறியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவ்வண்டிகளில் பெரும்பாலானவை டெட்ராயிட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் தொழிற்சாலையில் உருவானவை. வரிசையின் ஓட்டத்தை அளவுக்கு மீறி விரைவுபடுத்தினார்கள் என்பதற்காக 1968 மே மாதத்தில் அங்கே தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் சம்மதத்தையும் எதிர்பாராமல் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அதையடுத்துக் கறுப்பினத் தொழிலாளர்கள் நிர்வாகத்தையும் சங்கத்தையும் ஒருங்கே எதிர்த்து டாட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம் என்ற தனி அமைப்பைத் தோற்றுவித்தார்கள். நிற்காமல் ஓடும் வரிசையின் எதிரில் நின்றவன் கையிலிருந்து தப்பி விழுந்த துளியை, மின்விசிறியும் வானொலியும் ஓடும் கொட்டகையில் ஓர் அலங்காரமாகப் பிரதி செய்வதுதான் சரித்திரத்தைக் காப்பாற்றுவது என்றால், அச்சரித்திரத்தில் மனிதனுக்கு இடமில்லை என்று பொருள்.

சேர்க்கப்படுவதைவிட அழிக்கப்படுவதே என்னை அதிகம் உறுத்துகிறது. 1968 மாடலாக 2,896 டாலர் அடிப்படை விலைக்கு வந்த பிளிமத் ரோட் ரன்னரை வாங்கியவன், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜிக்க வாங்கவில்லை. சனிக்கிழமை இரவுகளில் பந்தயம் ஓட்டினான். ஸ்டியரிங் தண்டின்மேல் இரண்டு துளை போட்டு, எஞ்சின் சுழற்சியை அளக்கும் கடிகாரத்தைத் திருகினான். கம்பெனிச் சக்கரங்களைக் கழற்றி எறிந்து, பளபளக்கும் கிரேகர் சக்கரங்களை மாட்டினான். பட்டாளத்துக்குப் போனவனாக இருந்தால், படைமுகாமின் நுழைவு முத்திரை பம்பரில் ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கும். பிறகு அதைத் தம்பிக்கோ அண்டை வீட்டானுக்கோ கொடுத்திருப்பான். உப்புத் தூவிய பனிக்காலச் சாலைகளில் ஓடிப் பின் மட்கார்டு கரைந்திருக்கும். யாரோ ஒருவர் கையில் கிடைத்த தகட்டைக் கொண்டு ஒட்டுப் போட்டிருப்பார். இவையெல்லாம் ஒரு தேசத்து வாலிபத்தின் கைரேகைகள். நம் கொட்டகைக்காரர் முதற்காரியமாக அத்துளைகளை வெல்டிங் வைத்து மூடுகிறார், முத்திரையைச் சுரண்டுகிறார், ஒட்டுத் தகட்டை வெட்டிப் போடுகிறார். எஞ்சியிருப்பதன்மேல் மணலைப் பீய்ச்சி வெறும் இரும்பாக்குகிறார். திருப்பணி என்ற பெயரால் கோயிற் சுவர்களின்மேல் மணல் வீசிக் கல்வெட்டுகளை மழுக்கிய கொடுமையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை; கருவிகூட அதே கருவிதான். (அழுத்தம் மிகுந்தால் பானெட் போன்ற அகன்ற தகடுகள் அலையலையாக நெளிந்துபோவதும் உண்டு, அதை ஒரு வகைத் தண்டனையாகவே நான் கருதுகிறேன்.)

இவ்விஷயத்தில் ஊகத்துக்கு வேலையில்லாதபடி ஓர் உதாரணமே நம்முன் இருக்கிறது. 1968இல் வந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கை, 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி அன்றாட வேலைக்கே பயன்படுத்திவிட்டு, பிறகு பல்லாண்டுகள் ஓட்டாமலே வைத்திருந்தது. நசுங்கலும் துருவும் மங்கிய பெயிண்டுமாக அது 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிமியில் ஏலத்துக்கு வந்தபோது, 34 இலட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. கட்டணங்களையும் சேர்த்தால் 37 இலட்சத்துக்கு மேல். படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்துவதற்காக அதில் செய்திருந்த வெட்டுகளும் துளைகளும், இதுதான் அந்த வண்டி என்று நிரூபிக்க உதவிய சாட்சியங்களுள் சேர்ந்தவை. தொழிற்சாலை விட்ட நிலையே பரிபூரணம் என்று நம்பும் ஒரு சிரத்தையுள்ள மனிதரின் கொட்டகையில் அவ்வண்டி இரண்டு வருஷம் இருந்திருந்தால், அத்துளைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பச்சை மஸ்டாங்குகளில் மற்றுமொரு பச்சை மஸ்டாங்காக வெளிவந்திருக்கும்.

போன்டியாக் ஜிடிஓவின் முதல் மாடல் ஆண்டும், மஸ்டாங் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஆண்டுமாகிய அதே 1964இல், வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் புராதனச் சின்னங்களைக் காப்போரும் ஒரு சாஸனத்தை வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். ஒரு கட்டடத்தில் வெவ்வேறு காலங்கள் சேர்த்துச் சென்ற தகுதியுள்ள அம்சங்களை மதிக்க வேண்டும். இழந்ததற்கு மாற்றாக வைக்கும் புதுப்பகுதி, மொத்தத்தோடு இசைந்திருக்கும்போதே, அசலினின்றும் வேறென்று அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்பவை அதன் சாரமான விதிகள். கல்லுக்குச் சொன்னது இரும்புக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்போர் உண்டு. மூலப்பொருள் வேறு, நியாயம் ஒன்றே என்பதுதான் என் பதில். புதுத் தகட்டைப் பற்றவைத்த தடத்தை மெழுகுபோல் இழைத்து, அதன்மேல் அந்நாளைய யந்திரம் வைத்த புள்ளி வெல்டிங்கைப் போலவே வட்டக் குழிகளைச் செயற்கையாக உண்டாக்கி, எந்த நடுவரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்று மார்தட்டுவதுதான் இக்கலையின் உச்சம் என்று இன்று போற்றப்படுகிறது. அச்சாஸனம் எதைத் தவிர்க்கச் சொல்கிறதோ அதுவே இங்கே பரிசுக்குரிய சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பந்தயத்தில் வெடித்துப்போன எஞ்சினுக்குப் பதில் வேறோர் எஞ்சின் வைக்கப்படுவது அவ்வண்டிகளின் வாழ்க்கையில் மிகச் சாதாரணம். ஆனால் வண்டி எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றானால்தான் சந்தையில் உயர்ந்த மதிப்பு. ஆகவே, மாற்று எஞ்சினின் முகப்பைச் சீவி, அக்காலத்து எழுத்தச்சுகளால் தேவையான எண்ணை அடித்து, தொழிற்சாலையின் சீவுளி விட்டுச் சென்ற மயிரிழைக் கோடுகளையும் அதன்மேல் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்துகொண்டு, ஏமாற்ற எண்ணமில்லை, வண்டி முழுமையடைவதற்காகத்தான் என்று சொல்வோருடைய மனச்சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வண்டி கைமாறும்போது மனச்சாட்சி கூடவே கைமாறுவதில்லை. சுண்ணக்கட்டிக் கோட்டுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரம் அளவில்தான் இருக்கிறது, ஜாதியில் இல்லை. ஒன்றைப் புன்னகையோடு அனுமதித்தவர்கள் மற்றதைக் கண்டு திடுக்கிடுவது எனக்கு விளங்கவில்லை. இது கடுமையான வாக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள், இருக்கட்டும்.

துருவும் சரித்திரந்தானா, கால் வைத்தால் உடைந்து விழும் தரைத்தகட்டோடு ஓட்டச் சொல்கிறீரா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஓட்டச் சொல்லவில்லை. தரைத்தகட்டையும் பிரேக் குழாயையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றிய தகட்டில் மாற்றிய வருஷத்தை ஒரு மூலையில் பொறித்து, வெல்டிங் தடத்தை உள்ளது உள்ளபடி விட்டுவிடலாம். மங்கிய பெயிண்டைப் பாலிஷ் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். கூலிக்கு வேலை செய்யும் பட்டறைக்காரனுக்கு வாடிக்கையாளரின் ஆசை என்றொரு கட்டு உண்டு. வீட்டுக் கொட்டகையில் வேலை செய்பவருக்கு அந்தக் கட்டும் இல்லை. அவரே எஜமானர், அவரே தொழிலாளி. அப்படியிருந்தும், கண்காட்சிக்கே போகப் போவதில்லை என்று தெரிந்த வண்டிக்குக்கூட நடுவர்களின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு அதன்படி நடக்கும் சுதந்திர புருஷர்களை என்னென்பது?

அண்மையில் இதற்கு மறுதலையாக, வாங்கிய மறுநாளே இளைஞர்கள் செய்த மாற்றங்களோடு வண்டியை வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு கட்சியும் கிளம்பியிருக்கிறது. தங்களிடம் வந்து சேர்ந்த மாற்றங்களை அப்படியே காப்பாற்றுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அக்கட்சியில் சேர்ந்தவர்கள் பலரும் இதையும் ஒரு புதுப்பித்தல் முறையாகவே எடுத்துக்கொண்டு, பழைய சாமான் சந்தைகளில் அலைந்து கிரேகர் சக்கரங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். எந்த வாலிபனும் கைவைக்காத ஸ்டியரிங் தண்டில் துளையிடும் கருவியை வைத்து, இடம் சரியா என்று பழைய பத்திரிகைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு, 1970ஆம் ஆண்டுத் துளைகளை இப்போது புதிதாகப் போடுகிறார்கள்.