ஓர் அணுவுக்கு என்ன வேண்டும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் அறிவியல் தேர்வு. வேதிப்பிணைப்புப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துடும்னு போட்டிருக்கு. வெளிக்கூட்டுல எட்டு இருந்தா அதுக்குத் திருப்தியாம். சரி, எட்டு வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எட்டு இருந்தா ஸ்டேபிள். அவ்வளவுதான்" என்றேன்.

"அதுக்கு மூளையா இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளே இரக்கப்பட்டு, "பரவால்ல மாமா, அப்படியே எழுதிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த "அப்படியே எழுதிடறேன்" இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அப்படியே எழுதியவன்தான். பிளஸ் டூ வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், அது கட்-ஆஃபைத் தூக்கிவிட்டது, பொறியியல் சீட் கிடைத்தது, இன்று ஒரு சாஃப்ட்வேர் வேலை. எட்டு எலக்ட்ரான்களின் தயவில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கொஞ்சம் இலக்கியம் வாசித்தவன் என்ற உரிமையில், அந்தப் பாடத்தை ஒரு கதையாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று தோன்றியது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு புத்தகம் இருக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி 1975இல் வெளியிட்ட 'தனிம அட்டவணை'. 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். 1984இல் வந்த ரேமண்ட் ரோசன்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். லெவி தொழில்முறை வேதியியலாளர். பெயின்ட் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்.

*

முதலில் பாடநூல் சொல்லும் கதை. சோடியத்திடம் 11 எலக்ட்ரான்கள்: உள்ளே 2, நடுவில் 8, வெளியே 1. குளோரினிடம் 17: 2, 8, 7. ஒருவனிடம் ஒன்று கூடுதல், இன்னொருவனிடம் ஒன்று குறைச்சல். இவன் கொடுக்க, அவன் வாங்க, இருவருக்கும் வெளியே எட்டு, இருவருக்கும் நிம்மதி. பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த கல்யாணம் மாதிரி. தம்பதிக்குப் பெயர் சோடியம் குளோரைடு.

கதை அழகாகத்தான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

ஒரு மோல் சோடியத்தை, அதாவது சுமார் 23 கிராமை, வாயு நிலையில் எடுத்துக்கொள்வோம். அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் பிடுங்க சுமார் 496 கிலோஜூல் செலவாகும். சோடியம் எதையும் தானமாகக் கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது வெளிவருவது சுமார் 349 கிலோஜூல். ஆக, இந்தக் கொடுக்கல் வாங்கலில் மட்டும் 147 கிலோஜூல் நஷ்டம். இரண்டு பேருக்கும் எட்டு கிடைத்தாயிற்று, ஆனாலும் நஷ்டம்! எட்டின் மேல் ஆசைப்பட்டுத்தான் எல்லாம் நடக்கிறது என்றால் இது எப்படிச் சரியாகும்?

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி வந்து படிகமாக அடுக்கப்படும்போது, மோலுக்கு சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. அந்த அடுக்கில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதில் யார் யாருடைய ஜோடி? யாரும் இல்லை. உப்புக்கல்லுக்குள் தம்பதி என்று ஒன்று கிடையாது. என்ஏசிஎல் என்ற வாய்பாடு ஒரு மூலக்கூறின் பெயர் அல்ல. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது? சோடியம் ஏன் ஒரு எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்கிறது? இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 4562 கிலோஜூல் ஆகும். முதலாவதைப் போல ஒன்பது மடங்கு. அந்த எலக்ட்ரான் உள்கூட்டில், அணுக்கருவுக்கு நெருக்கமாக, இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு செலவு செய்ய அந்த 787இல் வழியில்லை. அக்கா மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். சோடியத்துக்கு எட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் விலை ஏறிவிடுகிறது.

1916இல் கில்பர்ட் லூயிஸ் எட்டைப் பற்றி எழுதியபோது, பல சேர்மங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் ஓர் ஒழுங்கைக் காட்டினார். ஒழுங்கு என்றால் விதிவிலக்கும் உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடில் நைட்ரஜனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 5, ஆக்ஸிஜனுடையவை 6. கூட்டினால் 11, ஒற்றைப்படை. எப்படிப் பங்கு போட்டாலும் இருவருக்கும் எட்டு வராது. ஆனாலும் அது இருக்கிறது. நம் ரத்தக் குழாய்களை விரித்துக் கொடுப்பதே அந்த மூலக்கூறுதான்.

ஜோடிக் கதை குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம். உப்பின் படிக அமைப்பை 1913இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டார். 1927இல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், சோடியம் குளோரைடு மூலக்கூறே கிடையாது, சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கு மட்டும்தான் என்பதை ஏற்க முடியாமல், நேச்சர் இதழில் உப்புக்காகப் பரிதாபப்பட்டுக் கோபமாக எழுதினார். ஒரு நல்ல கதை மனதில் உட்கார்ந்துவிட்டால் நிபுணரையும் லேசில் விடுவதில்லை.

உருவகம் இல்லாமல் பாடம் நடத்த முடியாது, அது எனக்கும் தெரியும். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சைக் காட்டாமல் எந்த ஆசிரியரும் எலக்ட்ரான் கூட்டைச் சொல்லிக்கொடுக்க முடியாது. என் புகார் வேறு. அந்தக் கதையின் கதைசொல்லி, தான் ஓர் உருவகத்தைச் சொல்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. 'விரும்புகிறது', 'திருப்தியடைகிறது' என்ற சொற்களை 'உருகுநிலை', 'நிறை எண்' என்ற சொற்களின் அதே குரலில் சொல்லிவிட்டுப் போகிறார். எது ஒப்புமை, எது அளந்து பார்த்தது என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. கேள்வி கேட்கிற குழந்தைக்கு இரண்டே வழி: நம்புவது, அல்லது அப்படியே எழுதிவிடுவது.

*

லெவி தன் புத்தகத்தை ஆர்கானில் தொடங்குகிறார். அதுவும் எட்டோடு நிற்கும் மந்த வாயு. பாடநூலின் லட்சிய புருஷன் என்று சொல்லலாம். இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் வாழ்ந்த தன் யூத மூதாதையர்களை, யாரோடும் அதிகம் ஒட்டாமல் ஓர் ஓரமாக இருந்தவர்களை, அவர் இந்த வாயுக்களோடு ஒப்பிடுகிறார்.

அவரும் மனிதரையும் அணுவையும் ஒப்பிடத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. இது ஒப்பீடு என்பதை அவர் வெளிப்படையாக வைத்துக்கொள்கிறார். அது எங்கே உடைகிறது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறார். 1962இல் செனானை ஃபுளூரினோடு சேரவைத்துவிட்டார்கள் என்ற செய்தி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு நீல் பார்ட்லெட் செனானின் முதல் சேர்மத்தைச் செய்து காட்டியிருந்தார். மந்தமானவை என்று பெயர் வைத்தது நாம்தான். செனானுக்கு அது தெரியாது.

'துத்தநாகம்' அத்தியாயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மிகத் தூய துத்தநாகம் அமிலத்தில் எளிதில் கரையாது. கொஞ்சம் மாசு கலந்திருந்தால்தான் வினை நடக்கும். இந்த ஒரே உண்மையிலிருந்து தூய்மைக்கும் புகழ் பாடலாம், கலப்புக்கும் புகழ் பாடலாம் என்று இரண்டு நீதிகளையும் முன்னால் வைக்கிறார். பிறகு கலப்பின் பக்கம் நிற்கிறார். இனத் தூய்மை பேசும் சட்டங்களை 1938இல் கொண்டுவந்த நாட்டின் யூதர் அவர். அந்த நீதி துத்தநாகத்திலிருந்து வரவில்லை, தான் தேர்ந்தெடுத்தது என்பதை அவர் மறைப்பதே இல்லை.

நம்மூர் இலக்கியக் கட்டுரைகளில் 'குவாண்டம்' படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். நானும் எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அறிவியலிலிருந்து ஒரு சொல்லை உருவி, கவிதைக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்துவிடுவோம். அது எங்கே பொருந்தாது என்று ஒருநாளும் சோதித்துப் பார்ப்பதில்லை.

*

எனக்கு மிகவும் பிடித்தது 'பொட்டாசியம்'. 1941. பென்சீனைச் சோடியத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். சோடியம் கிடைக்கவில்லை. இளம் லெவி பொட்டாசியத்தை எடுத்துக்கொள்கிறார். அட்டவணையில் இரண்டும் ஒரே தொகுதி, பக்கத்து வீட்டு இரட்டையர் மாதிரி. வேலை முடிந்ததும் குடுவையைக் கழுவத் தண்ணீர் விடுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு பொட்டாசியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீப்பற்றி, ஜன்னல் திரைச்சீலை வரை எரிகிறது.

இரண்டுக்கும் வெளியே ஒரே ஒரு எலக்ட்ரான்தான். பாடநூல் கதைப்படி ஒரே குணம், ஒரே ஆசை. ஆனால் பொட்டாசியத்தின் அடுக்கு 2, 8, 8, 1. அந்த ஒற்றை எலக்ட்ரான் இன்னும் ஒரு கூடு தள்ளி, இன்னும் தளர்வாக இருக்கிறது. பிடுங்க 419 கிலோஜூல் போதும். 496க்கும் 419க்கும் உள்ள இடைவெளியில்தான் அந்தத் திரைச்சீலை எரிந்தது என்று சொன்னால் கொஞ்சம் எளிமைப்படுத்தல்தான், ஆனால் பொய்யில்லை.

'ஏறக்குறைய ஒன்றுதான்' என்ற நினைப்பை நம்பாதே என்பது அங்கே லெவி கற்கும் பாடம். நடுராத்திரியில் சர்வர் விழுந்து எழுப்பப்பட்ட எந்த இன்ஜினியருக்கும் இது புரியும். "அதே லைப்ரரிதான், வெர்ஷன் மட்டும் கொஞ்சம் மாத்தினேன்" என்று ஒருவர் சொல்லும்போது வயிற்றில் ஒன்று கவ்வும். அதேதான்.

'சீரியம்' அத்தியாயத்தில் ஒப்புமைகளே ஓய்ந்துவிடுகின்றன. முகாமின் ஆய்வகத்தில் வேலை செய்யும் லெவி, பெயர் ஒட்டாத சிறு சாம்பல்நிறத் துண்டுகளைத் திருடுகிறார். கத்தியால் சுரண்டினால் தீப்பொறி. இரும்பும் சீரியமும் கலந்தது, லைட்டர் கல். நண்பர் ஆல்பெர்டோவோடு சேர்ந்து ராத்திரியில் போர்வைக்கடியில் அவற்றை இழைத்து, கள்ளச் சந்தையில் ரொட்டிக்கு மாற்றுகிறார். கணக்குப்படி இருவருக்கும் இரண்டு மாத உயிர். இங்கே சீரியம் எதற்கும் குறியீடு இல்லை. சுரண்டினால் பொறி பறக்கும் ஓர் உலோகம். அது அப்படி இருப்பதால் இரண்டு பேர் சாப்பிட்டார்கள். அணுவை அணுவாகவே விட்டுவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

*

கடைசி அத்தியாயம் 'கார்பன்'. புத்தகத்திலேயே அதிகம் கொண்டாடப்படுவது இதுதான். என் மாற்றுக் கருத்தும் இங்கேதான்.

சுண்ணாம்புக் கல்லுக்குள் மூன்று ஆக்ஸிஜனோடும் ஒரு கால்சியத்தோடும் கட்டுண்டு கிடக்கும் ஒரு கார்பன் அணு. 1840இல் சூளைக்குப் போகிறது, கார்பன் டை ஆக்ஸைடாகக் காற்றில் ஏறுகிறது, திராட்சை இலைக்குள் நுழைகிறது, சர்க்கரையாகிறது, ஒயினாகிறது. பிணைப்பு என்ற பாடத்தை இத்தனை பரவசத்தோடு வேறு யாரும் நடத்தியதில்லை. அந்த அணு எதற்கும் ஆசைப்படுவதில்லை. கட்டப்படுகிறது, அவிழ்கிறது, வேறு விதமாகக் கட்டப்படுகிறது. கதை முழுவதும் அந்த முடிச்சுகளின் கதை.

இரண்டு கார்பன்-12 அணுக்களை யாராலும் வேறுபடுத்த முடியாது. சூளையில் இருந்த தழும்போ, ஒயினில் இருந்த வாசனையோ அவற்றில் எஞ்சாது. அப்படியிருக்க 'அந்த' அணுவுக்கு எப்படி வாழ்க்கை வரலாறு எழுதுவது? லெவி இதைத் தாண்டும் விதம் அபாரம். எந்தக் கதையைக் கற்பனை செய்தாலும் அது ஏதோ ஓர் அணுவுக்கு நடந்தே இருக்கும், எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்கிறார். ஒரு மைக்ரோகிராம் கார்பனில் சுமார் 50,000,000,000,000,000 அணுக்கள் என்பதை நினைத்தால் வாதம் நிற்கிறது.

ஆனால் முடிவில் அந்த அணு எழுத்தாளரின் மூளைக்குள் நுழைந்து, அவர் கையை நடத்தி, தாளில் ஒரு புள்ளியை வைக்கவைக்கிறது. முதல் வாசிப்பில் மயிர்க்கூச்செறிந்தது. இப்போது, அக்கா மகளின் கேள்விக்குப் பிறகு, அந்த இடத்தில் தடுக்குகிறேன். எந்த ஓர் அணுவும் எந்தக் கையையும் நடத்துவதில்லை. 20 அத்தியாயங்கள் அணுவுக்கு ஆசை ஊட்டாமல் காத்தவர், கடைசிப் பத்தியில் அதற்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்த ஓர் இடத்தில் லெவி பாடநூலாகிவிடுகிறார். விளையாட்டாகத்தான் செய்கிறார் என்று வாதிடலாம். இருந்தாலும் எனக்கு இந்தப் புத்தகம் முடியும் இடம் அந்தப் புள்ளி இல்லை, சீரியத்தின் பொறி.

*

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது சமையலறையிலிருந்து தூள் உப்பைக் கொஞ்சம் கருப்புத் துணியில் கொட்டி, லென்ஸ் வைத்து அவளுக்குக் காட்டினேன். குட்டிக் குட்டிக் கனசதுரங்கள். உள்ளே இருக்கும் அடுக்குதான் வெளியேயும் தெரிகிறது என்றேன். ஆறுக்கு ஆறு என்ற கணக்கைச் சொன்னேன். முதல் எலக்ட்ரானின் விலையையும் இரண்டாவதின் விலையையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அதுக்கு எதுவுமே வேண்டாமா மாமா?"

"வேண்டாம்."

"பரீட்சைல என்ன எழுதறது?"

எனக்கு அவள் மதிப்பெண் முக்கியம். நான் வந்த வழி அது. புத்தகத்தில் இருப்பதையே எழுது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, லென்ஸை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.