நிற்கப் பழக்குதல்

வேளாண்மை, இல்லாண்மை போலவே மேலாண்மையிலும் உள்ள 'ஆண்மை' ஆளுதலைக் குறிக்கிறது என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். ஜவுளிக்கடைகளில் அந்த ஆளுதல் பெண்ணுடலின்மீது எப்படி நடக்கிறது என்பதைத் தமிழில் துணிந்து காட்டிய படம் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010).

சென்னை ரங்கநாதன் தெருக் கடைக்குத் தென்மாவட்டக் கிராமங்களில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே வறுமைதான் தகுதி. தகப்பன் இல்லாத, தங்கைகள் உள்ள பிள்ளைகள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று முதலாளிக்குத் தெரியும். வேலைக்கான பயிற்சி அந்தத் தேர்விலேயே பாதி முடிந்துவிடுகிறது. மீதியைக் கண்காணிப்பாளன் கருங்காலியின் கை முடிக்கிறது. அவன் தன் உடலைத் தொட்டபோது அசையாமல் நின்றதால்தான் தங்களைத் தண்டிக்காமல் விட்டான் என்று கனி பின்னால் லிங்கத்திடம் சொல்கிறாள். அசையாமல் நிற்பதுதான் அந்தக் கடை அவளுக்குக் கற்றுத்தந்த தொழில்.

ஆனால் நம் கோபம் முழுவதையும் கருங்காலியே வாங்கிக்கொள்கிறான். அவனும் சம்பளக்காரன்தான். அவனிடத்தில் நல்லவர் ஒருவர் வந்தால் அடி விழாது, கை நீளாது. உட்கார ஒரு முக்காலி வருமா? கனியின் கால்கள்மீது லாரி ஏறும்போது அரங்கம் அழுகிறது. நாள்முழுக்க நின்று கால் வீங்கி, விடுதிக்குத் திரும்பும் பெண்களுக்காக யாரும் அழுவதில்லை. ஒருவரின் கொடுமை கண்ணில் படுகிறது. வேலை நடக்கும் முறையே கொடுமையானால் அது வழக்கமாகிவிடுகிறது.

அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டவர்கள் கடைப் பெண்களே. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் 'பெண்கூட்டு' என்று திரண்டவர்கள் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு, 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ பிரிவைச் சேர்த்தது. கடைகளில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது.

இது வெற்றிதான். ஆனால் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பதே சட்டம் சொல்வது. வாய்ப்பு எப்போது கிடைத்தது என்று முடிவுசெய்வது யார்? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் துணியை மடித்து அடுக்கு என்றால் அந்த வாய்ப்பும் போய்விடும். முக்காலி சுவரோரம் கிடக்கும்; அதில் உட்காரும் பெண் சோம்பேறி என்று பெயரெடுப்பாள்.

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளை மனிதவளத் துறைக்குப் போவீர்கள். சிலர் தளக் கண்காணிப்பாளர் ஆவீர்கள். தலைமைப் பண்பு, ஊக்கமூட்டல் என்று பல பாடங்கள் நடத்தப்படும். பெண் என்பதாலேயே உங்கள் மேலாண்மை மென்மையாகிவிடாது. உங்கள் தளத்தில் ஒருத்தி, உங்கள் முகத்தைப் பார்க்காமல், அனுமதி கேட்காமல் உட்கார முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பாடத்தில் எவ்வளவு தேறினீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.