கேட்பு, கேள்வி, கீழ்ப்படிதல்
அரியலூர்ச் சுரங்கங்களும் கருத்துக் கேட்புக் கூட்டங்களும்

1

'கேள்' என்ற வினைச்சொல்லுக்குத் தமிழில் மூன்று வேலை. காது கொடுப்பது கேட்பது. வினா எழுப்புவதும் கேட்பதுதான். 'சொன்னா கேக்க மாட்டியா' என்று அதட்டுகிறபோது கீழ்ப்படிவதும் கேட்பதாகிவிடுகிறது. குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் காதால் பெறும் அறிவைப் பற்றியது. நமக்கோ கேள்வி என்றால் வினா. 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்கிற அரசாங்கச் சொல்லாடலில் யார் எந்தக் கேட்பைச் செய்கிறார்கள்? அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்காக நடத்தப்படும் கூட்டத்தையே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

இந்த மண் ஒரு காலத்தில் கடலடி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரமும், காரை பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் கடல் உயிரிகளின் எச்சங்களும் கிரெட்டேசியஸ் காலத்தவை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று சிமெண்ட் மூட்டையாகப் போகிறது. அரசு நிறுவனமான டான்செம் தொடங்கி ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு வரை ஆலைகள் அரியலூரைச் சுற்றி நிற்கின்றன. பெரிய சுரங்கம் புதிதாக வந்தாலோ விரிந்தாலோ சனங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். எனவே இங்கே ஒரே ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறார்கள்.

2

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல் வந்தது. கருத்துக் கேட்பு கட்டாயமானது 1997 ஏப்ரல் திருத்தத்தில். அப்போது கூட்டத்தை நடத்திய குழுவில் கலெக்டரோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரையும், கலெக்டர் நியமிக்கும் உள்ளூர் மூத்த குடிமக்கள் மூன்று பேர் வரையும் இருக்கலாம். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கையில் இந்த ஆறு நாற்காலிகளும் எடுக்கப்பட்டன. கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி, கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி. மேடையில் இவர்கள் மட்டும். ஊர்க்காரர் மேடையிலிருந்து இறக்கப்பட்டு மைக் முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்டார். இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் பெரிய விவாதம் ஏதும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அதே அறிவிக்கையில் இரண்டு வாசகங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. இரண்டு, மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடியாத நிலைமை உள்ளூரில் நிலவினால் கூட்டத்தையே கைவிட்டுவிடலாம். பேச முடியாத நிலைமை ஏன் வந்தது, யாரால் வந்தது என்று விசாரிக்கும் கடமையை அந்த வாசகம் யார் மீதும் வைக்கவில்லை.

3

இந்தக் கூட்டங்கள் சிலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பந்தல், மின்விசிறி, தண்ணீர் பாட்டில், வீடியோ கேமரா, வாசலில் போலீஸ். முன்வரிசையில் காண்ட்ராக்டர்களும் லாரி உரிமையாளர்களும். சுருக்க அறிக்கை மட்டும் தமிழில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்க முழு அறிக்கை ஆங்கிலத்தில் ஒரு மூலையில் இருக்கும். அதைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது விண்ணப்பிக்கும் கம்பெனி. 'வெளியூர்க்காரங்க பேசக் கூடாது' என்று ஒரு குரல். 'வேலை குடுப்பீங்களா, மாட்டீங்களா' என்று இன்னொரு குரல்.

இப்போது பேச்சு எப்படிக் குறிப்பாகிறது என்று பார்க்கலாம். 'எங்க கெணறு கையெட்டுற தூரத்துல தண்ணியா இருந்துச்சு, இப்போ மோட்டாரு காத்துதான் இழுக்குது' என்று ஒரு விவசாயி சொன்னால், குறிப்பில் அது 'நிலத்தடி நீர் பற்றிக் கருத்து தெரிவிக்கப்பட்டது' என்று வரும். 'வெடி போட்டா எம்புள்ள தூக்கத்துல அலறுது' என்பது 'அதிர்வு' என்ற ஒற்றைச் சொல்லாகும். குழந்தை போய்விடும், அலறல் போய்விடும், சொன்ன பெண்ணும் போய்விடுவாள். லியோதார் 1983இல் எழுதிய நூலில் இதை வேறொரு சந்தர்ப்பத்தில் விளக்குகிறார்: பாதிக்கப்பட்டவனின் முறையீடு, தீர்ப்பளிக்கும் இடத்தின் மொழியில் சொல்லவே முடியாததாகிறபோது அவன் வாதி என்ற நிலையிலிருந்து பலியாள் என்ற நிலைக்குத் தள்ளப்படுகிறான். பேச விடாமல் தடுக்க வேண்டியதில்லை. பேசவிட்டு மொழிபெயர்த்தால் போதும்.

பதில் சொல்வது யார்? எழுப்பப்பட்ட பிரச்சினைகளுக்கு இறுதி அறிக்கையில் விளக்கம் எழுதும் பொறுப்பு விண்ணப்பித்த கம்பெனிக்கே தரப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் 'பிரச்சினை', வலப்பக்கம் 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு அட்டவணை. கேட்டவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, கேட்கப்பட்டவரே பதிலையும் எழுதி மதிப்பெண்ணும் போட்டுக்கொள்கிறார். நிபுணர் குழு அதைப் படித்துப் பரிந்துரைக்க வேண்டும். கோவாச் சுரங்கம் ஒன்று பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், ஆட்சேபங்களை அந்தக் குழு பரிசீலித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்றது. நியாயத்தின் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் மைக் கிடைத்ததா என்பது சின்னக் கேள்வி. சொன்னதற்குக் காரணத்தோடு பதில் வந்ததா என்பதே பெரிய கேள்வி.

ஒரு ஒப்பீடு. 2023 அக்டோபரில் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்தில் கல்குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் போடும் இடத்தில் அடிதடி நடந்தது. ஏலத்தில் ஏதோ ஒன்று முடிவாகிறது, அதனால் அடித்துக்கொள்கிறார்கள். கருத்துக் கேட்பு அமைதியாக நடந்து முடிவதைக் குடிமைப் பண்பு என்று யாரும் மெச்ச வேண்டாம். அங்கே எதுவும் முடிவாவதில்லை என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

4

நம் மரபிலேயே மிகப் பிரபலமான கேட்புக் கூட்டம் ஒரு சூதாட்ட மண்டபத்தில் நடந்தது. தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று திரௌபதி கேட்டது சுத்தமான சட்டக் கேள்வி. விதுரன் பேசினான், விகர்ணன் பேசினான், பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று தட்டிக்கழித்தார். எல்லாக் கருத்தும் பதிவாகின. பதில் மட்டும் வரவில்லை. கூத்தில் இரவெல்லாம் பார்க்கிற சனங்களுக்கு இந்தச் சபை புதிதல்ல.

சூதுக்கே உரிமம் தருகிற இடத்தில் இந்த அளவு சடங்குகூட இல்லை. கோவாவின் 1976ஆம் வருடச் சூதாட்டச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கு வழி திறந்தது. பிற்பாடு மாண்டவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள் நின்றன. உரிமத்துக்கு முன் பணஜி நகரத்தாரைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அவர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் இல்லாதவர்கள் கூட்டம் வேண்டும் என்கிறார்கள். கூட்டம் பார்த்த அரியலூர்க்காரர்கள் 'இது எதுக்கு' என்கிறார்கள். இரண்டும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன.

5

நம் தரப்பையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. வேலை கேட்டுப் பேசுகிறவரை 'விலைபோனவர்' என்று ஒதுக்குவது நம் வட்டத்தில் சகஜம். பட்டா இருப்பவருக்கு விலை உண்டு, பேரம் உண்டு. அந்த நிலத்தில் களை பறித்த, அறுப்பறுத்த தலித் பெண்ணுக்கு நிலம் போனால் வேலையும் போகிறது; பட்டியலில் பெயர் இல்லை. மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு ஓட்டியவருக்கும் அப்படியே. அவர்கள் 'வேலை குடு' என்று கேட்பது தங்கள் இழப்பைச் சொல்கிற ஒரே வழியாக இருக்கலாம். சூழலியல் மொழி பேசுகிற நாம் அதைச் செவிமடுக்காமல் போனால், வாரியத்தின் குறிப்பெழுத்தர் செய்கிற வேலையையே வேறு காகிதத்தில் செய்கிறோம்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். 'கலந்தாலோசனை' அதில் நாலாவது படி. அதை அவர் ஒப்புக்குச் சப்பாணி வகையில்தான் சேர்த்தார். நியம்கிரியில் நடந்தது வேறு. 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பன்னிரண்டு கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, 2014இல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது. சிமெண்ட் கம்பெனிக்கு எதிரே நிற்கும் அரியலூர் மானாவாரி விவசாயிக்கு அப்படிப்பட்ட சட்டம் கிடையாது.

இருக்கிற படியையும் இழுக்கிறார்கள். 2020 வரைவு அறிவிக்கை முப்பது நாள் முன்னறிவிப்பை இருபதாகக் குறைக்கப் பார்த்தது. 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று உத்தரவிட்டது. சுண்ணாம்புக்கல் அதில் இல்லை. ஆகவே ஒப்புக்கு நடக்கிற கூட்டம் என்று வெறுத்து வீட்டில் உட்காருவதும் சரியில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில. கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. வாசிக்காமல் கலைய விடக் கூடாது. 'நீர்' என்று எழுதியிருந்தால் 'கிணறு' என்று திருத்தச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். வைத்தார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனி எழுதிய பதில் அட்டவணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, தமிழாக்கி, கேட்டவர் வீட்டுத் திண்ணையில் அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். எடுக்கப்பட்ட ஆறு நாற்காலிகளைத் திருப்பிக் கேட்பது அடுத்த கட்டம். மறுக்கும் உரிமை அதற்கும் அடுத்தது. சனங்கள் இதுவரை மூன்றாவது பொருளில் மட்டுமே கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பொருளில் அரசும் ஒரு முறையாவது கேட்கட்டும்.