சேற்றைக் கடித்து ஏறிய டயர்

மாடசாமி கோயில் முடக்கில் என் ஜீப் எத்தனை தடவை தோற்றுப் போயிருக்கிறது என்று எனக்குக் கணக்கில்லை. இரண்டு நாள் மழை விழுந்தால் போதும், அந்த இடத்துச் செம்மண் குரக்கன் களி மாதிரி குழைந்துவிடும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதற்கு மேலே மேக்கணக்கு லயம். அங்கேதான் பெரியம்மா இருக்கிறார். அரிசியையும் மருந்தையும் தோளில் போட்டுக்கொண்டு மீதி ஒன்றரை மைலை நடந்தே ஏறுவேன். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாத மழையில், அதே முடக்கின் நடுச் சேற்றில் நானே பிரேக் போட்டு ஜீப்பை நிறுத்தினேன். வேண்டுமென்றே நிறுத்தினேன்! ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி கிளம்புமா என்று பார்க்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

கிளம்பியது. ஒரு சுற்றுக்கூட வீணாகச் சுற்றாமல், உடும்பு பிடித்தது போலப் பிடித்துக்கொண்டு கிளம்பியது.

எல்லாம் அந்த நாலு மட் டயர் செய்த வேலை. எங்கள் பக்கத்தில் லேண்ட் ரோவரையும் ஜீப் என்றுதான் சொல்வோம். என்னுடையது சீரீஸ் 3, நீளமான 109. அந்த வகை 1971 முதல் 1985 வரை வந்தது, ஆகவே எப்படிப் பார்த்தாலும் 40 வயதைத் தாண்டிய வண்டி. 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் மறுபடி திறக்கும் வரைக்கும், இருக்கிற வண்டியைக் கண்போல் வைத்துக்கொள்வதைத் தவிர நமக்கு வழியிருக்கவில்லை. எஞ்சின் செய்தேன், இலை வில்லு மாற்றினேன். டயருக்கு மட்டும் கை வரவில்லை. ஆறு மாதம் சேர்த்த காசோடு கண்டிக்குப் போய், 7.50-16 அளவில், மலேசியாவில் செய்த நாலு டயரை வாங்கிப் போட்டேன். அந்தக் காசில் ஒரு சதம்கூட வீணில்லை.

அந்த டயரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டை கட்டையாக ரப்பர். இரண்டு கட்டைக்கு நடுவில் என் சுண்டுவிரலின் முதல் கணு முழுக்க மறைகிறது. சாதாரண டயரின் காடியைச் சேறு அடைத்துவிட்டால் அது வெறும் வழுக்கை உருளைதான். இதில் இடைவெளி அகலம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதே ஒட்டிய சேற்றை உதறிவிட்டு, அடுத்த கடிக்குக் கட்டை வெறுமையாக வந்து நிற்கிறது. கட்டைகள் ஓரத்தோடு முடியாமல் பக்கச் சுவர் வரைக்கும் இறங்குகின்றன. அது எதற்கென்று கடையில் எனக்கு விளங்கவில்லை. மலையில் விளங்கியது.

மாட்டி முடித்த பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இது தார் ரோட்டு டயர் இல்ல. சத்தம் வரும். மழையில பிரேக்க கொஞ்சம் முன்னாலயே அமுக்குங்க" என்றார். இரண்டும் உண்மை. ஈரத் தாரில் இந்த டயர் நிற்பதற்குக் கூடுதல் தூரம் கேட்கிறது. வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்தே ஓட்ட வேண்டும். ஸ்டியரிங்கும் கொஞ்சம் கனக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! அம்பிட்டிய தாண்டி, தலாத்துஓயா தாண்டி, மாரஸ்ஸன ஏற்றத்தில் அது ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டே வந்தது. தேயிலை இஸ்டோரில் ரோதை சுற்றுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது எப்படி இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புறப்படுமுன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தபோது மனதுக்குள் ரோதமுனியைத்தான் நினைத்தேன். இஸ்டோர் எந்திரத்தைக் காக்கிற சாமி என் சக்கரத்தையும் காக்கட்டும்.

ஹேவாஹெட்ட டவுனில் தேத்தண்ணி குடித்துவிட்டு, தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை இறக்கினேன். 35 இலிருந்து 20 க்கு. இதைச் செய்யாமல் மட் டயரைக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். காற்றுக் குறைந்ததும் டயர் நிலத்தில் நீளமாகப் படிகிறது, கடிக்கிற கட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது, கல்லில் மோதாமல் கல்லை அணைத்துக்கொண்டு போகிறது. தாருக்குத் திரும்புமுன் கால் பம்பால் மறுபடி அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்தேன். இந்த வண்டியில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நாலு சக்கரமும் சேரும், சிவப்பை இழுத்தால் லோ கியரோடு நாலும் தானாகச் சேரும். இரண்டாம் கியர். ஆக்சிலேட்டரில் கால் படவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பலர் சேற்றைக் கண்டதும் உறும விடுகிறார்கள். சக்கரம் சுழன்றால் பாதை கிழியும், அடுத்த மழை அந்தக் கிழிசல் வழியே கானை உடைத்துக்கொண்டு ஓடும். நல்ல டயர் இருந்தால் உறுமவே தேவையில்லை.

இந்தப் பாதையைக் கெடுக்க எனக்கு மனம் வராது. இதே மலைத்தொடரில், லூல்கந்துரவில், ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டதை எல்லோரும் சொல்வார்கள். அந்த 19 ஏக்கருக்கும் அதற்குப் பின் வந்த ஆயிரமாயிரம் ஏக்கருக்கும் பாதை வெட்டிக் கான் வெட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10 அன்று, கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு விழுந்த கோவிந்தனும் இப்படி ஒரு பாதையில் பெரட்டுக்கு நடந்தவர்தான். ரப்பருக்கும் இந்த மண்ணோடு பழைய உறவு உண்டு. பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள் 1876 இல், டெய்லர் தேயிலை போட்டு ஒன்பது வருஷத்தில், நம் தீவின் ஹேனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. தேயிலை மலையில் ரப்பர் உருளும்போது இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது போல எனக்கு ஒரு சந்தோஷம்.

முடக்குக்கு வருகிறேன். பெரியம்மா மகன் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னாலேயே ஏறி நின்றான். கொழுந்து லொறி உழுது வைத்த பள்ளம் இரண்டு பக்கமும். இடது முன்சக்கரம் அதற்குள் விழுந்தது. பழைய டயராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், பள்ளம் இழுக்கிற பக்கமே வண்டி போகும். ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தேன். அப்போதுதான் பக்கச் சுவர்க் கட்டைகள் பேசின. பள்ளத்தின் சுவரை ஒவ்வொன்றாகப் பற்றி, படி ஏறுகிற மாதிரி, சக்கரம் வெளியே வந்தது. அந்த நடுக்கம் ஸ்டியரிங் வழியாக என் உள்ளங்கைக்கு வந்ததை இப்போதும் உணர்கிறேன்.

"அண்ணே, சேத்தத் துப்புதுண்ணே! துப்பித் துப்பி ஏறுது!" என்று அவன் மேலே குதித்தான்.

அங்கேதான் நிறுத்தினேன், கிளம்பினேன். நம்ப முடியாமல் பின்னுக்கு இறங்கி மறுபடி ஏறினேன். ஐந்து தடவை! மழையில் இறங்கி நின்று பார்த்தேன். கட்டையின் அச்சு ஒவ்வொன்றும் செங்கல் அறுத்த மாதிரி சேற்றில் கூர்மையாகப் பதிந்திருந்தது, வழுக்கிய தடம் ஓரிடத்திலும் இல்லை. நவம்பர், டிசம்பர் மழையில் மலேசியக் காட்டுக்குள் ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச் என்று 1997 முதல் ஜீப்களை விட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஏங்கியவன் நான். அந்தச் சேறும் இந்தச் சேறும் ஒரே பருவத்து மழையில் ஊறியவை.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். டயர் இடுக்கிலிருந்து அதிரசம் போல உதிர்ந்த சேற்றை எடுத்து விளையாடினார்கள். பெரியம்மா வெளியே வந்து, "இம்புட்டு மழையில ஜீப்பா ஏறி வந்துச்சு?" என்று சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாயத்தண்ணியும், உள்ளங்கையில் நக்கிக் குடிக்கச் சீனியும் கொண்டுவந்தார்.

அன்று ராத்திரி முழுக்க மழை. மறுநாள் காலை அவருக்கு ரிகில்லகஸ்கட ஆஸ்பத்திரியில் கிளினிக். மழை நாளென்றால் அந்த கிளினிக்கை விட்டுவிடுவது அவர் வழக்கம். நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இறக்கத்தில் லோ முதல் கியர், பிரேக்கில் கால் வைக்கவே இல்லை, வண்டி எண்ணி எண்ணி அடி வைத்து இறங்கியது. முடக்கில் மாடசாமியைக் கும்பிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டதும் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, "எல்லாம் பின்னால ஏறுங்கடா, பெரிய டயரு, ஒண்ணும் வழுக்காது" என்றார்.

ஏழு பேர் ஏறினார்கள்.