சொல்லற்ற குரவை

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மணவீட்டுப் பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் குரவைக்குச் சொல் இல்லை. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரும் அதனை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். தாய்வழிக் குடிமுறையும், மாப்பிள்ளை பெண்வீட்டிலே குடிபுகும் வழக்கமும் அவ்வாறே இருவர்க்கும் பொதுவானவை.

வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்கள் இப்பிரதேசத்து நாட்டார் கவிகளைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தன. நன்று. ஆயின் ஏட்டிலேறிய கவியைத் தமிழர் கவி, முஸ்லிம் கவி என எளிதிற் கூறுபடுத்திவிடுகிறோம். குரவையை எவ்வாறு கூறுபடுத்துவது?

இன்று சமயத்தூய்மை வேண்டுவோருட் சிலர் அதனை விலக்குகின்றனர். அவர்களை மாத்திரம் குறைகூறல் நேர்மையன்று. சொல்லையே இலக்கியமெனக் கொண்ட நாமும் அதனை விலக்கியவர்களே. எங்கள் வீட்டுக் கலியாணத்திற் குரவை எழுந்தபோது, குறிப்பேட்டை மூடிவிட்டு, அடுத்த பாட்டுக்காக நானும் காத்திருந்தேன்.